பட்டறை வெப்பமும் சிக்கனமும்

உழவர் வெட்டவெளியில் உழைக்கின்றனர். வெயில் ஏறினால் வேப்பமர நிழலை நாடுகின்றனர். பட்டறையில் உழைப்போர்க்கு அவ்வாறு நாடிச் செல்ல வேறு நிழல் இல்லை. வெயிலைத் தடுப்பதற்கென்று போட்ட கூரையே வெயிலை வாங்கி உள்ளே பொழியத் தொடங்கினால் அவர்கள் எங்கே செல்வர்? சித்திரை மாத நண்பகலில் தகரக் கூரையின் கீழ் ஒரு நாழிகை அமர்ந்திருந்தவர் இவ்வினாவின் பொருளை நன்கு உணர்வர். பட்டறையில் மிகுந்துள்ள வெப்பத்தை எளிய செலவில் அடக்குவது எவ்வாறு என்பதையும், குளிர்நாட்டுப் பட்டறைக்கு வேண்டிய வெப்பத்தை எளிய செலவில் பெறுவது எவ்வாறு என்பதையும் இப்பாடத்தில் காண்போம். இவை இரண்டும் வேறுவேறு வினாக்களாகத் தோன்றும். எனினும், இரண்டற்கும் விடை ஒன்றே என்பது பாடத்தின் முடிவில் விளங்கும்.

திருப்பூர் மாநகரை அடுத்துள்ள ஊர் முதலிபாளையம். இங்கே சிட்கோ தொழிற்பேட்டை ஒன்று உண்டு. பின்னலாடைக் கலையைக் கற்பிக்கும் கல்லூரியும் உண்டு. பேட்டைக்குள் அமைந்த பெரிய தொழிற்கூடங்களே திருப்பூர்த் தொழிலின் முழு உருவம் என்று எண்ணிவிடுதல் கூடாது. நூல் பின்னி, சாயமேற்றி, துணியாகி, வெட்டப்பட்டுப் பனியனாகும் நெடிய வழியில், எத்தனையோ வேலைகள் சிறு சிறு இடங்களில் நடைபெறுகின்றன. விசைத் தையற்பொறிகளை வரிசையாக இட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கூடங்களைப் ‘பவர் டேபிள்’ என்றே இவ்வட்டார மக்கள் வழங்குவர். அவற்றினும் சிறியவை, வீட்டின் பக்கத்தே ஒரு சாய்ப்பு இறக்கி, அதன் கீழ் இரண்டொரு பொறிகளை வைத்துக் குடும்பத்தாரே உழைக்கும் பட்டறைகள். ஒருவர் ஓவர்லாக் பொறியில் தைப்பார். ஒருவர் கைமடித்துக் கொடுப்பார். முதியோர் பிசிர் வெட்டுவர். மற்றொருவர் இஸ்திரி போட்டு அடுக்குவார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஆதலின், கை ஓய்ந்தால் வருவாயும் ஓயும்.

அத்தகைய வீடு ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். இருபது அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள சாய்ப்பு. மேலே பழைய தகரம். மேற்கே சன்னல் இல்லாத சுவர். கோடை பிறந்தது. முற்பகலில் விரைந்து ஓடிய கைகள் பிற்பகலில் தளர்ந்தன. நெற்றி வியர்வை வெள்ளைப் பனியனின்மேல் சொட்டிக் கறையாயிற்று. கறைபட்ட உருப்படிகளை வேலை கொடுத்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுத் தலைவி ஒருநாள் பொறியின் முன்னேயே மயங்கிச் சாய்ந்தாள். அன்று மாலை கணவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

“நாளைக்கே தவணை முறையில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறேன். கடன் ஆனாலும் ஆகட்டும்” என்றார் அவர்.

பள்ளியில் 10-ஆம் வகுப்புப் பயிலும் அவர் மகள் அருகில் இருந்தாள். “அப்பா, ஒன்று கேட்கட்டுமா? இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வாங்கலாமே” என்றாள்.

“எங்கிருந்து வந்தால் என்ன, கண்ணு? வெப்பம் வெப்பந்தானே?”

மூலையில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தாள். “மாப்பிள்ளை, பிள்ளை சொல்வது சரிதான். நாங்கள் ஓலைச் சாய்ப்பில் நூல் நூற்ற நாளில் இத்தனை வேக்காடு கண்டதில்லை. தகரம் போட்ட பிறகுதான் இந்தத் துன்பம்” என்றாள்.

“அம்மாயி சொல்லிவிட்டார்கள், இனி அளந்து பார்த்துவிட வேண்டியதுதான்” என்று மகள் நகைத்தாள்.

அவள் கேட்ட கேள்வியே நமக்கும் வழிகாட்டி. வெப்பம் எங்கிருந்து வருகிறது? வானில் மேகமற்ற கோடை நண்பகலில், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் கதிரவன் பொழியும் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட்டு ஆகும். நாம் கண்ட சாய்ப்பின் கூரைப் பரப்பு 200 சதுர அடி. அஃதாவது ஏறத்தாழ 18 சதுர மீட்டர். எனவே, அக்கூரையின்மேல் விழுவது 18,000 வாட்டு. ஓர் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்டு ஆற்றல் கொள்வதாக வைத்துக்கொண்டால், 18 இஸ்திரிப் பெட்டிகளைக் கூரையின்மேல் கவிழ்த்து வைத்ததற்கு அஃது ஒப்பாகும்! இதில் ஒரு பகுதியைத் தகரம் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும். எஞ்சிய பகுதி தகரத்தைச் சுடவைத்து, அச்சூட்டைக் கதிர்களாகக் கீழே இருப்போர் தலைமேல் இறக்கும். பழைய தகரம் துருவேறிக் கறுத்திருந்தால், உள்ளே வரும் பங்கு இன்னும் மிகும்.

கூரைக்கு அடுத்தபடி, பட்டறைக்குள்ளேயே பிறக்கும் வெப்பத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாளா அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட்டு வெப்பம் வெளிப்படுகிறது. உழைக்கும்போது அது மேலும் உயரும். ஐவர் இருந்தால் 500 வாட்டுக்கு மேலாயிற்று. இஸ்திரிப் பெட்டி தன் பங்கைத் தருகிறது. பழைய ‘கிளட்ச்’ மோட்டார்கள், தையல் நிகழாத வேளையிலும் சுழன்றுகொண்டே இருந்து, மின்சாரத்தை உண்டு வெப்பத்தை உமிழ்கின்றன. ‘செர்வோ’ மோட்டாரோ மிதியை அழுத்தும்போது மட்டுமே சுழலும். அதனால் மின்செலவும் குறையும், சூடும் குறையும். ஆயினும், இவை அனைத்தையும் கூட்டினாலும் கூரையின்மேல் விழும் வெப்பத்துக்கு ஈடாகா. பகையின் பெரும்படை எவ்வழியே வருகிறது என்பது இப்பொழுது தெளிவாயிற்று அன்றோ?

பகை வரும் வழி தெரிந்தபின், முதலில் செய்ய வேண்டுவது அவ்வழியை அடைத்தலே. கறுப்பு நிறம் வெப்பக் கதிர்களை மிகுதியாக ஏற்கும். வெள்ளை நிறம் அவற்றைத் திருப்பி அனுப்பும். இஃது அறிவியல் பாடத்தில் நாம் கற்ற செய்தி. கூரையின்மேல் வெண்மை பூசினால், கதிரவனின் ஆற்றலில் பெரும்பகுதி வந்த வழியே வானுக்குத் திரும்பிவிடும். தளமிட்ட வீடாயின் சுண்ணாம்பு நீற்றி வடிகட்டிப் பூசலாம். தகரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. அதன் காரம் ஈரத்தோடு சேர்ந்து தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். முதல் மழையிலே உதிர்ந்தும் போகும். தகரத்தைத் தேய்த்துத் துருவகற்றி, அதற்குரிய வெள்ளை வண்ணத்தைப் பூசுதலே முறை. கல்நார் அட்டையாயின் அதைச் சுரண்டுதலும் துளைத்தலும் கூடா. அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு உட்சென்று நுரையீரலைக் கெடுக்கும். மாசி கழியுமுன் பூசிவிட்டால் பங்குனியும் சித்திரையும் எளிதாகக் கழியும். ஆண்டுதோறும் கோடைக்குமுன் கூரையில் படிந்த புழுதியைக் கழுவிவிடுதல் வேண்டும். அழுக்கேறிய வெண்மை பாதி கறுப்பேயாகும்.

எளிய மக்களின் கூரைக்கு வெண்மை பூசுவதைப் பெருநகரங்களும் அரசுகளும் இன்று திட்டமாகவே மேற்கொண்டுள்ளன. குசராத்தின் அகமதாபாது நகரில் 2010-ஆம் ஆண்டு மே மாதம் கொடிய வெப்ப அலை வீசியது. அத்துன்பம் புகட்டிய பாடத்தால் அந்நகர் 2013-ஆம் ஆண்டில் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர்க் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் அதனோடு சேர்ந்தது. தெலங்கானா அரசு 2023-ஆம் ஆண்டில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போலவே வெயிலும் உயிர்களைக் கொள்ளும் என்பதை ஏற்றுக்கொண்ட அறிவிப்பு அது.

வெண்மை பூசுதலேயன்றி வேறு தடைகளும் உண்டு. பாட்டி கூறிய ஓலையை நினைத்துப் பாருங்கள். தென்னங்கீற்றின் இழைகளுக்கிடையே காற்று அடைபட்டுள்ளது. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனாலேயே ஓலைச் சாய்ப்பு தண்ணென்றிருந்தது. தகரத்தின்மேல் சிறிது இடைவெளி விட்டுக் கீற்று வேயலாம். ஆனால், ஓலை எளிதில் தீப்பற்றும். மின்கம்பிகளுக்கும் அடுப்புக்கும் அருகில் அது கூடாது. கூரையின்கீழ்த் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டுவோரும் உளர். துணியும் பஞ்சும் நிறைந்த பட்டறையில் அது பெருந்தீங்கு. தீப்பட்டால் உருகிச் சொட்டிக் கரும்புகை கக்கும். மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தலிட்டுச் சுரைக்கொடியோ பீர்க்கங்கொடியோ படரவிட்டால், பிற்பகல் வெயில் சுவரில் படாது. கறிக்குக் காயும் கிடைக்கும்.

தடுத்ததையும் மீறி உள்ளே வந்த வெப்பத்தை வெளியே போக்குதல் இரண்டாம் பணியாகும். சூடேறிய காற்று இலேசாகி மேலெழும் என்பதை நாம் அறிவோம். ஆதலின், வெளியேறும் வழி கூரையை ஒட்டி உயரத்திலும், புகும் வழி தரையை ஒட்டித் தாழ்விலும் அமைதல் வேண்டும். உயரத்தில் ஒரு வெளியேற்று விசிறியை வைத்து, எதிர்ச்சுவரில் தாழ்வாகச் சன்னல் திறந்தால், காற்று அறை முழுதும் கடந்து செல்லும். இஸ்திரி மேசையை அறையின் நடுவே வையாமல் வெளியேறும் வழிக்கு அருகில் வைத்தால், அதன் சூடு பிறர்மேல் படாது போகும். கொங்கு நாட்டுக்கு இயற்கை அளித்த கொடை ஒன்று உண்டு. ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று விரைந்து வீசுகிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகள் சுழல்வது அக்காற்றினாலேயே ஆகும். மேற்கே ஒரு சன்னல் வைத்து, அதற்கு மேல் வெயில் மறைக்கும் தாழ்வாரம் இறக்கினால், அக்கொடை செலவின்றிப் பட்டறைக்குள் வரும்.

இவ்விரண்டும் செய்தபின்னரே, மூன்றாவதாக, கருவி வாங்குவதைப் பற்றி எண்ணுதல் வேண்டும். கருவியின் விலையை மட்டும் கேட்டு வாங்குவோர் பின்னர் வருந்துவர். விலை ஒருமுறை கொடுப்பது. மின்கட்டணமோ கருவி உள்ளளவும் கொடுப்பது. 1,000 வாட்டுக் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட்டு மின்சாரம் செலவாகும். இக்கணக்கைக் கொண்டு எக்கருவியின் செலவையும் வீட்டிலிருந்தே அறியலாம்.

பழைய வகைக் கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட்டு கொள்ளும். புதிய வகையாகிய ‘பி.எல்.டி.சி.’ விசிறி 30 வாட்டளவே கொள்ளும். இரண்டு விசிறிகள் நாளொன்றுக்கு 10 மணி நேரம் சுழன்றால், பழையவற்றுக்கு 1.5 யூனிட்டு; புதியவற்றுக்கு 0.6 யூனிட்டு. ஆண்டில் 300 நாள் வேலை நடந்தால், மிச்சம் 270 யூனிட்டு ஆகும். ஈரக் காற்றை வீசும் ‘ஏர் கூலர்’ 180 வாட்டு கொள்வதாயின், 10 மணி நேரத்துக்கு 1.8 யூனிட்டு. குளிர்சாதனப் பெட்டி 1,500 வாட்டு கொள்வதாயின், இடைவிடாது ஓடினால் 10 மணி நேரத்துக்கு 15 யூனிட்டு. அறை குளிர்ந்தபின் அது நின்று நின்று இயங்கும் என்பது மெய்யே. ஆனால், மேலே தகரம் காய்ந்துகொண்டிருக்கும் சாய்ப்பில் அறை குளிர்வதேது? அது நிற்பதேது? பொத்தற் பானையில் நீர் நிரப்புவது போன்றதே அவ்வேலை. வெள்ளை பூசிய கூரைக்கோ மின்செலவு ஒன்றுமில்லை.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அது வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். உடல் குளிர்வது அதனாலேயே. காற்றின் வெப்பமே 40 பாகையை எட்டிவிட்டால், விசிறி அனலை வாரி வீசுமேயன்றி உதவாது. அவ்வேளையில் வேலையை நிறுத்தி, நீரும் மோரும் பருகி, நிழலில் இளைப்பாறுதலே அறிவுடைமை. ஏர் கூலரும் இதே நெறியில், நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. அதனால், காற்று வறண்டிருக்கும் கொங்குநாட்டுக் கோடையில் அது நன்கு பயன்படும். ஈரம் மிகுந்த சென்னைக் கடற்கரையில் அத்துணைப் பயன் தராது. அடைத்த அறையில் அதை வைத்தால், ஈரம் தேங்கிப் புழுக்கமே மிகும். சன்னல் திறந்திருத்தல் வேண்டும். பஞ்சுத் தூசு அதன் ஈரத்தட்டியை அடைத்துவிடும். வாரந்தோறும் கழுவுதல் வேண்டும். அதன் காற்று துணிக்கட்டின்மேல் நேரே படுமாறு வைத்தலும் கூடாது. பருத்தி ஈரத்தை எளிதில் உறிஞ்சும். ஈரத்துணி பூசணம் பிடிக்கும்.

நாம் கண்ட வீட்டில் என்ன நடந்திருக்கும்? தந்தையும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையேறி வெள்ளை பூசியிருப்பர். உயரத்தில் ஒரு விசிறிக்குத் துளையிட்டிருப்பர். பாட்டி சுரைவிதை ஊன்றியிருப்பாள். அதன் பின்னும் குறை இருந்தால் சிறிய ஏர் கூலர் ஒன்று போதுமானதாயிருக்கும். கடனுக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம், மகளின் படிப்புக்கு மிஞ்சியிருக்கும்.

இனிக் குளிர்நாட்டுக்குச் செல்வோம். திருப்பூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஆதலின், முதலிபாளையத்தில் காலையில் புறப்படும் பள்ளி மாணவர் பிற்பகலில் உதகையை அடையும்போது, 12 அல்லது 13 பாகை குளிர்ந்த காற்றைச் சுவாசிப்பர். மார்கழி, தை மாத இரவுகளில் அங்கே உறைபனி விழுவதும் உண்டு. அங்கும் வீடுகளில் கைத்தொழில் நடைபெறுகிறது. தோடர் குலப் பெண்டிர் வெண்ணிறத் துணியில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கொண்டு பூத்தையல் செய்வர். அவ்வேலைப்பாடு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. குளிரில் விரல் மரத்துப்போனால் ஊசி எவ்வாறு ஓடும்? வெயிலில் வியர்க்கும் கைக்கும் பனியில் விறைக்கும் கைக்கும் துன்பம் ஒன்றே.

குளிரை வெல்லும் வழியைத் தோடரின் பழைய இல்லங்களே நமக்குக் கற்பிக்கும். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற வடிவம். மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல் வேய்ந்த கனத்த கூரை. தவழ்ந்து நுழைய வேண்டிய சிறு வாயில். உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியே போக வழியில்லாதபடி அமைந்த வீடு அது. இக்காலத்தில் தோடர் பலர் சிமெண்டு வீடுகளில் வாழ்கின்றனர். எனினும், அப்பழைய இல்லத்தின் அறிவு பழமையாகிவிடவில்லை.

ஆகவே, குளிர்நாட்டுப் பட்டறைக்கு வெப்பக்கருவி வாங்க விரும்புவோரும் முதலில் தடுத்தலையே செய்தல் வேண்டும். கதவிடுக்கையும் சன்னற் சந்தையும் துணியாலோ பட்டையாலோ அடைத்தல் வேண்டும். உயர்ந்த கூரையின்கீழ்த் தாழ்ந்த தட்டி ஒன்று கட்டினால், வெப்பம் மேலே போய் வீணாகாது. தரையில் பாய் விரித்தால் கால் குளிராது. பின்னரே கருவி.

மின்சாரத்தால் கம்பியைச் சூடாக்கும் கருவிகளில் விலை குறைந்தவையும் உண்டு, மிக்கவையும் உண்டு. ஆனால், 1,000 வாட்டுக் கருவி எதுவாயினும் அது தரும் வெப்பம் 1,000 வாட்டே. விலை மிகுந்தது மிகுந்த வெப்பம் தரும் என்று எண்ணுதல் பிழை. வேறுபாடு, வெப்பத்தை வழங்கும் முறையிலேதான் உள்ளது. செந்நிறமாய் ஒளிரும் கம்பிக்கருவி, எதிரே அமர்ந்திருப்பவரை உடனே வெதுப்பும். சிறிது நேர வேலைக்கு அது சிக்கனமானது. விசிறி வைத்த கருவி அறைக்காற்றை விரைவில் சூடாக்கும். ஆனால், பஞ்சுத் தூசைக் கிளப்பும். எண்ணெய் நிறைத்த கருவி மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். நெடுநேரம் அடைத்த அறையில் உழைப்போர்க்கு ஏற்றது. ஒளிரும் கம்பி வெளியே தெரியாமையால் துணியுள்ள இடத்தில் அச்சமும் குறைவு. குளிரூட்டவும் வெப்பமூட்டவும் வல்ல குளிர்சாதனப் பெட்டி, வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்து உள்ளே தருகிறது. அதனால், ஒரு யூனிட்டு மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டளவு வெப்பம் கிடைத்தல் கூடும். விலை மிகுதியாதலின், நாள் முழுதும் இயங்கும் பட்டறைக்கே அது கட்டுப்படியாகும்.

2,000 வாட்டு வெப்பக்கருவி ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய சிறு துளையில் அதைப் பொருத்தினால் கம்பி சூடேறித் தீப்பற்றும். பெரிய துளையிலேயே பொருத்துதல் வேண்டும். துணிக்கும் கருவிக்கும் இடையே ஒரு மீட்டராவது இடம் விடுதல் வேண்டும். இவை யாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. செலவு குறைவென்று கருதி, அடைத்த அறையில் கரியடுப்பை மூட்டி வைத்து உறங்குதல் ஒருநாளும் கூடாது. போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று பிறக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோர் உறங்கியபடியே உயிர் துறப்பர். மலைநகரங்களுக்குச் சென்றவர்கள் இவ்வாறு இறந்த செய்தி நாளிதழ்களில் வந்ததுண்டு. மலிவென்று கொண்டது உயிரையே விலையாகக் கேட்குமாயின், அஃது எங்ஙனம் மலிவாகும்?

1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், தன் 13-ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பற்றிப் பேசிற்று. தொழிலாளர் நலத்தோடு உழைக்கும்படி வெப்பத்தை வைத்தல் வேண்டும் என்றும், சுவரும் கூரையும் அதற்கேற்ப அமைதல் வேண்டும் என்றும் அது விதித்தது. வெப்பத்தைக் குறைக்கும் வழிகளாக அது குறித்தவற்றுள் வெள்ளையடித்தலும், கூரையை உயர்த்துதலும், இடையே காற்றுவெளி விட்டு இரட்டைக் கூரை அமைத்தலும் அடங்கும். பாட்டியின் ஓலையும் மகளின் வெள்ளைப் பூச்சும் சட்டநூலிலும் இடம்பெற்றிருந்தன என்பது வியப்பன்றோ? ஆனால், அச்சட்டம் தொழிலாளர் பலர் கூடி உழைக்கும் தொழிற்சாலைகளுக்கே உரியதாயிருந்தது. வீட்டுச் சாய்ப்பில் குடும்பத்தோடு தைப்போரைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே வீட்டாரே தமக்கு ஆய்வாளர் ஆதல் வேண்டும். படித்த பிள்ளைகள் அவர்க்குத் துணையாதல் வேண்டும்.

மாணவர்களே! தடுத்தல், போக்குதல், பெறுதல் என்னும் மூன்று படிகளையும் வரிசை மாறாமல் நினைவிற் கொள்ளுங்கள். குளிர்நாட்டில் போக்குதலுக்கு மாறாகக் காத்தலைக் கொள்ளுங்கள். வெயிலாயினும் பனியாயினும், முதற்செலவு கூரைக்கும் சுவருக்கும். கடைசிச் செலவே கருவிக்கு. உங்கள் இல்லத்திலோ அடுத்த இல்லத்திலோ தையற்பொறியின் ஓசை கேட்குமாயின், கோடை விடுமுறையில் அங்கே சென்று, கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் கற்ற அறிவியலுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

பயிற்சி

1. கருவி வாங்குமுன் வெப்பம் வரும் வழியை அறிய வேண்டுவது ஏன்?
2. தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு பூசலாகாது, காரணம் யாது?
3. ஏர் கூலர் திருப்பூரில் பயன்படும் அளவு சென்னைக் கடற்கரையில் பயன்படாதது ஏன்?
4. விலை குறைந்த 1,000 வாட்டு வெப்பக்கருவியும் விலை மிகுந்த 1,000 வாட்டு வெப்பக்கருவியும் எவ்வகையில் ஒத்தன? எவ்வகையில் வேறுபட்டன?
5. தோடர் இல்லத்தையும் ஓலைச் சாய்ப்பையும் ஒப்பிட்டு ஒரு பத்தி வரைக.
6. ஒரே அளவுள்ள இரண்டு தகரக் குவளைகளை எடுத்து, ஒன்றற்கு வெள்ளையும் மற்றொன்றற்குக் கறுப்பும் பூசி, சம அளவு நீர் ஊற்றி மூடி, இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்து, நீரின் வெப்பத்தை அளந்து எழுதுக.
7. உங்கள் வீட்டிலுள்ள மின்கருவிகளின் வாட்டளவைக் குறித்து, ஒரு நாளில் ஒவ்வொன்றும் கொள்ளும் யூனிட்டைக் கணக்கிடுக.